பிறந்தகம் தெரியாத ராஜமாதா: நூர்பானு சுல்தானின் பூர்விகம் பற்றிய விவாதம்

உஸ்மானியப் பேரரசின் 11ஆம் சுல்தான் இரண்டாம் செலிமின் மனைவி. 12ஆம் சுல்தான் மூன்றாம் முராதின் தாய். 1583 டிசம்பரில் இறந்தபோது இஸ்தான்புல்லில் அவருக்கு மேல் செல்வாக்குள்ள பெண் ஒருவரும் இல்லை. அவர் வாங்கிய தினப்படி எவ்வளவு, கட்டிய மசூதி எது, மகள்களை யார் யாருக்குக் கொடுத்தார் என்பதெல்லாம் தெரியும். எந்த ஊரில் யாருக்குப் பிறந்தார் என்பது மட்டும் நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாக வழக்காகவே நிற்கிறது. வெனிஸ் பிரபு வீட்டுப் பெண் என்பது ஒரு கட்சி. கோர்ஃபு தீவின் கிரேக்கப் பெண் என்பது இன்னொரு கட்சி. யூதப் பெண் என்று சொல்பவர்களும் உண்டு.

இந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எவ்வளவு தாங்கும் என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது. அவருடைய வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இந்தக் கேள்வி எவ்வளவு தூரம் உதவும் என்பதையும் கூடவே கேட்கிறது.

ஐயத்துக்கு இடமில்லாதவை

செலிம், சுல்தான் சுலைமானுக்கும் ஹுர்ரெமுக்கும் 1524இல் பிறந்தவர். இளவரசராக மனிசா, கொன்யா, கூத்தாஹ்யா ஆகிய ஊர்களில் ஆளுநராக இருந்தார். நூர்பானு அவருடைய அந்தப்புரத்தில் அடிமைப் பெண்ணாகச் சேர்ந்தவர். 1546இல் மனிசாவில் முராத் பிறந்தார். அதற்கு முன்போ அதை ஒட்டியோ பிறந்த இஸ்மிஹான், கெவ்ஹர்ஹான், ஷா ஆகிய மூன்று மகள்களும் நூர்பானுவின் பிள்ளைகள் என்பதே பொதுவாக ஏற்கப்படும் கருத்து.

1559இல் கொன்யாவில் செலிமும் அவருடைய தம்பி பாயசீதும் போரிட்டனர். தோற்ற பாயசீத் ஈரானுக்கு ஓடி, 1561இல் மகன்களோடு கொல்லப்பட்டார். 1566இல் சுலைமான் இறந்ததும் செலிமுக்குப் போட்டியின்றி அரியணை கிடைத்தது. செலிம் நூர்பானுவை முறைப்படி மணந்து, 1,10,000 டுகாட் பொற்காசை மகராக, அதாவது மணக்கொடையாக, கொடுத்ததாக வெனிஸ் தரப்பு அறிக்கை கூறுகிறது. செலிமின் ஆட்சிக்காலத்தில் நூர்பானுவுக்கு ஒரு நாளைக்கு 1,000 அக்சே வெள்ளிக்காசு படியாக வந்தது. ஆண்பிள்ளை பெற்ற மற்றப் பெண்களுக்குக் கிடைத்தது தலைக்கு 40 அக்சே. அவர் நின்ற இடத்தை விளக்க இந்த ஒரு கணக்கே போதும்.

1574 டிசம்பரில் செலிம் இறந்தார். மனிசாவிலிருந்து முராத் வந்து சேரும்வரை நூர்பானு மரணச் செய்தியை வெளியே விடவில்லை என்றும், உடலைப் பனிக்கட்டியில் வைத்துக் காத்தார் என்றும் சொல்லப்படுகிறது. முராத் வந்த இரவே அவருடைய தம்பிகள் ஐவரும் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் நூர்பானு 'வாலிதே சுல்தான்', அதாவது ஆளும் சுல்தானின் தாய். தினப்படி 2,000 அக்சேயாக உயர்ந்தது. முராதின் அன்புக்குரிய துணைவி சஃபியே பெற்றது 700.

பூர்விகத்தை மறைத்த ஏற்பாடு

இத்தனையும் தெரிந்திருக்க, பிறந்த ஊர் மட்டும் ஏன் தெரியவில்லை? ஏட்டில் எழுத மறந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. அந்தப்புரம் நடந்த முறையிலேயே அதற்கான காரணம் இருக்கிறது.

தொடக்க கால உஸ்மானிய அரசர்கள் அண்டை நாட்டு இளவரசிகளை மணந்தார்கள். 15ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அந்த வழக்கம் ஏறக்குறைய நின்றுபோனது. அரசகுலப் பெண் வந்தால் அவளோடு மாமனார் வருவார், மைத்துனர்கள் வருவார்கள், பேரனின் பெயரால் உரிமை கோரும் ஒரு பிறந்தகம் வரும். அடிமைப் பெண்ணுக்குப் பின்னால் அப்படி எவரும் இல்லை. அவளுக்கு மதம் புதிது, மொழி புதிது, பெயரும் புதிது. 'நூர்பானு' என்றால் பாரசீகத்தில் ஒளிமங்கை. பெற்றோர் இட்ட பெயர் அரண்மனை வாசலோடு நின்றுவிட்டது. மதம் மாறியவர்களின் தந்தை பெயரை எழுத வேண்டிய இடத்தில் 'அப்துல்லாஹ்', அதாவது இறைவனின் அடியான், என்று எழுதுவது பொது வழக்கம். 'அப்துல்லாஹ்வின் மகள்' என்ற குறிப்பைப் பார்த்து அப்பாவைத் தேடிப் போக முடியாது.

ஆக, பூர்விகம் அரண்மனை ஏடுகளில் இல்லாததற்கு ஒரு நோக்கம் இருந்தது. நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பது நம் பழமொழி. உஸ்மானிய அந்தப்புரம் அதை ஒரு சட்டமாகவே நடத்தியது எனலாம். நூர்பானுவின் பிறப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகள் எல்லாம் அரண்மனைக்கு வெளியே இருந்து வருவதும், பெரும்பாலும் ஏதோ ஒரு ஆதாயம் கருதியவர்களிடமிருந்து வருவதும் இதனால்தான்.

முதல் விடை: வெனிஸ் பிரபுவின் மகள்

அதிகம் பரவிய கதை இது. ஏஜியன் கடலில் உள்ள பாரோஸ் தீவின் அதிபராக இருந்த நிக்கோலோ வெனியருக்கும், வியோலாந்தே பாஃபோ என்ற வெனிஸ் குலப் பெண்ணுக்கும் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் செசிலியா. 1537இல் உஸ்மானியக் கடற்படைத் தளபதி ஹைருத்தீன் பார்பரோசா அந்தத் தீவுகளைச் சூறையாடியபோது சிறைப்பட்டார். அந்தச் செசிலியாவே பின்னாளில் நூர்பானு ஆனார்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய வரலாற்றை எழுதிய ஹாமர்-புர்க்ஷ்டால் உட்படப் பலர் 'பாஃபோ குல வெனிஸ் பெண்' என்று சொன்னது நூர்பானுவை அல்ல, அவருடைய மருமகள் சஃபியேயை. 1900இல் இத்தாலிய ஆய்வாளர் எமிலியோ ஸ்பான்யி, இரண்டு பெண்களின் கதைகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்று காட்டினார். வெனிஸ் தொடர்பு மாமியாருக்கு உரியது, மருமகளுக்கு உரியது அல்ல என்பது அவருடைய முடிவு. 1953இல் எத்தோரே ரோஸ்ஸி அதை வலுப்படுத்தி எழுதினார். 1982இல் சூசன் ஸ்கில்லிட்டர் நூர்பானுவும் அவருடைய முகவரும் வெனிஸுக்கு எழுதிய கடிதங்களை வெளியிட்டபோது, தலைப்பிலேயே 'வெனிஸ் சுல்தானா' என்ற அடைமொழி இடம்பெற்றது.

இந்த விடைக்கு வலு சேர்ப்பது, வாழ்ந்த காலத்திலேயே வெனிஸில் நிலவிய நம்பிக்கை. 1583இல் அவர் செய்த உதவிக்கு நன்றியாக 2,000 செக்கின் பொன் மதிப்பிலான பரிசுக்கு வெனிஸ் ஆட்சிமன்றம் இசைந்தது.

பலவீனங்களும் சிறியவை அல்ல. பாரோஸின் அதிபர் வரிசையைப் பார்த்தால், 1537இல் பார்பரோசாவிடம் தீவை இழந்தவர் பெர்னார்தோ சக்ரேதோ. நிக்கோலோ வெனியரின் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. சக்ரேதோவின் மனைவி, நிக்கோலோவின் சகோதரி; அவர் பெயரும் செசிலியா வெனியர். ஒரே பெயரில் இரு பெண்கள் இருந்திருக்கலாம். அத்தைக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர் இருப்பது அந்தக் குடும்பங்களில் புதுமையும் இல்லை. ஆனால் பெயர் ஒன்றை வைத்தே ஆளை அடையாளம் காணும்போது இத்தகைய ஒற்றுமை எச்சரிக்கையாகவே அமைகிறது. மேலும் வெனிஸ் தூதர்கள் எவரும் நூர்பானுவை நேரில் கண்டு பேசியவர்கள் அல்லர். திரைக்கு அப்பால் இருந்து இடைத்தரகர்களின் வாய்வழியாக வந்ததையே அவர்கள் எழுதினார்கள்.

இரண்டாம் விடை: கோர்ஃபுவின் கிரேக்கப் பெண்

1992இல் பெஞ்சமின் ஆர்பெல் எழுதிய கட்டுரை வெனிஸ் விடைக்குக் கிடைத்திருந்த ஒப்புதலைக் கலைத்தது. 'வெனிஸ் சுல்தானாவா?' என்ற கேள்வியைத் தலைப்பிலேயே எழுப்பிய அவர், வெனிஸ் ஆவணக் காப்பகத்தின் சான்றுகளை வேறு விதமாக வாசித்தார். அவர் முன்வைத்த பெயர் காலே கார்த்தானு. கோர்ஃபு தீவைச் சேர்ந்த கிரேக்கப் பெண். 1537இல் சுலைமானின் படை கோர்ஃபுவை முற்றுகையிட்டது. கோட்டை விழவில்லை, ஆனால் தீவின் ஊர்ப்புறம் அழிந்தது, ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் ஒருத்தியே நூர்பானு ஆனாள் என்பது ஆர்பெலின் வாதம்.

இதன் பலம் எளிமையில் இருக்கிறது. பிரபு வீட்டில் பிறந்த பெண் அந்தப்புரம் போனாள் என்பதைவிட, கிராமத்திலிருந்து பிடிபட்ட ஆயிரம் பேரில் ஒருத்தி போனாள் என்பது நடந்திருக்கக் கூடியது. வெனிஸ் பிரபு குலத்தைச் சொல்லும் செய்திகளில் அரசியல் விருப்பம் கலந்திருக்கும் என்ற ஆர்பெலின் ஐயமும் நியாயமானது.

ஆனால் அதே ஐயத்தை மறுபக்கமும் திருப்பலாம்; கோர்ஃபு விடையும் உறவு கொண்டாடியவர்களின் சொல்லைச் சார்ந்ததுதான். சுல்தானின் மனைவி தங்கள் வீட்டுப் பெண் என்று நிறுவ முடிந்தால் கோர்ஃபுவின் ஒரு குடும்பத்துக்கும் சலுகை கிடைக்கும். உறவு கொண்டாடி வருபவரின் வாக்குமூலம், கொண்டாடுகிறவர் ஏழை என்பதால் மட்டும் உண்மையாகிவிடாது. ஆர்பெலின் கட்டுரை பழைய விடையை ஆட்டம் காணச் செய்த அளவுக்குப் புதிய விடையை ஊன்றவில்லை என்று சொல்வது பொருந்தும்.

மூன்றாம் விடை: யூதப் பெண்

துருக்கிய வெகுசன எழுத்துகளில் நூர்பானு யூதர் என்றும், இயற்பெயர் ராக்கேல் என்றும் காணப்படுகிறது. இதற்குச் சமகால ஆவண ஆதாரம் எதுவும் முன்வைக்கப்படவில்லை. எங்கிருந்து கிளைத்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. செலிமின் நெருங்கிய ஆலோசகர்களில் ஒருவர் போர்த்துகீசிய யூதரான ஜோசப் நாசி. நூர்பானுவுக்காக வெளியுலகத் தொடர்புகளைக் கவனித்தவர் எஸ்தர் ஹந்தாலி என்ற யூதப் பெண். அரண்மனைப் பெண்கள் வெளியே வர முடியாத நிலையில் நகைகளும் துணிகளும் கடிதங்களும் கொண்டுவந்து கொண்டுபோன இத்தகைய பெண் முகவர்களைக் 'கிரா' என்பார்கள். கூட இருந்தவர்களின் மதம் எஜமானியின் மேல் ஏற்றப்பட்டிருக்கலாம். மூன்று விடைகளில் இதுவே மிக மெலிந்தது.

விடைகளுக்குள் இருக்கும் ஒற்றுமை

முதல் இரண்டு விடைகளும் முட்டிக்கொள்வதுபோலத் தோன்றினாலும் அவற்றுக்குப் பொதுவானவை அதிகம். இரண்டும் 1537ஐச் சொல்கின்றன. இரண்டும் அதே வெனிஸ்–உஸ்மானியப் போரில் பிடிபட்ட சிறுமியைச் சொல்கின்றன. இரண்டும் கிரேக்க மொழி பேசிய தீவுகளைக் காட்டுகின்றன. பாரோஸில் அதிபர்கள் மட்டுமே லத்தீன் குலத்தவர், மக்கள் கிரேக்கர்கள். கோர்ஃபுவோ அன்று வெனிஸ் ஆட்சியில் இருந்தது. அந்தத் தீவின் கிரேக்கப் பெண்ணும் வெனிஸ் குடியரசின் குடிமகள்தான். ஆகவே 'வெனிஸைச் சேர்ந்தவர்' என்ற சொல்லை ஆட்சி எல்லை என்ற பொருளில் எடுத்தால் இரண்டு விடைகளும் ஓரளவு ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அவை பிரிவது குலத்திலும் தகுதியிலும்: அவர் ஆண்டவன் வீட்டுப் பெண்ணா, ஆளப்பட்டவன் வீட்டுப் பெண்ணா?

இந்த வேறுபாடு யாருக்குத் தேவைப்பட்டது என்று பார்ப்பது பயன் தரும். வெனியர் சாதாரணக் குலம் அல்ல. பிரான்செஸ்கோ வெனியர் 1554 முதல் 1556 வரை வெனிஸின் தலைவராக இருந்தவர். 1571 லெபாந்தோ கடற்போரில் வெனிஸ் கப்பற்படையை நடத்திய செபாஸ்தியானோ வெனியரும் பின்னர் அதே பதவிக்கு வந்தார். கடலில் பின்வாங்கிக்கொண்டிருந்த ஒரு குடியரசுக்கு, எதிரியின் அரண்மனைக்குள் தன் பிரபு குலத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்பது ஆறுதலும் ஆயுதமும் ஆகும்.

பிறப்பு அரசியலை நடத்தியதா?

வெனிஸ் விடைக்கு ஆதரவாக அடிக்கடி எடுக்கப்படும் வாதம், நூர்பானு வெனிஸுக்குச் சாதகமாக நடந்தார் என்பது. ராஜமாதாவாக இருந்தபோது அவர் வெனிஸோடு நட்பாகக் கடிதம் எழுதினார். பட்டு, மெத்தைத் தலையணைகள் போன்ற பொருள்களைக் கேட்டார். அனுப்பப்பட்ட நாய்கள் மிகப் பெரியவை, தனக்குச் சிறியவை வேண்டும் என்றுகூடச் சொல்லியனுப்பினார். கிரீட் தீவின்மேல் படையெடுக்கும் யோசனையை அவர் தடுத்தார் என்பதும் வெனிஸ் தரப்புச் செய்தி.

இந்த வாதம் இரண்டு இடங்களில் இடறுகிறது. முதலாவது சைப்ரஸ். 1570இல் உஸ்மானியப் படை வெனிஸிடமிருந்து சைப்ரஸைப் பறிக்கப் புறப்பட்டபோது நூர்பானு சுல்தானின் முதன்மை மனைவி. அந்தக் கடற்படையில் முன்னின்ற பியாலே பாஷா, கெவ்ஹர்ஹானின் கணவர். இரண்டாவது சஃபியே. மரியா பியா பெதானி போன்றோரின் ஆய்வுக்குப் பிறகு சஃபியே அல்பேனிய மலைநாட்டைச் சேர்ந்தவர் என்பது பெரிதும் ஏற்கப்பட்டுள்ளது. ஆனால் அவரும் வெனிஸோடு அதே வகையான நட்பையே பேணினார். வெனிஸ் ரத்தம் இல்லாத மருமகளும் அதையே செய்தார் என்றால், மாமியாரின் செயலுக்கு ரத்தத்தைக் காரணமாகக் காட்டத் தேவையில்லை. ஆடம்பரப் பொருள்கள், உளவுச் செய்தி, மகனின் ஆட்சிக்கு மேற்கில் அமைதி ஆகியவையே போதுமான காரணங்கள்.

அரண்மனை தந்த பின்னணி

அவருடைய அதிகாரத்தை விளக்கும் பின்னணியைத் தேடினால், கண் போக வேண்டிய இடம் மருமகன்கள். 1562இல் மூன்று மகள்களுக்கும் ஒருசேரத் திருமணம் நடந்தது. இஸ்மிஹானை மணந்தவர் சோக்கொல்லு மெஹ்மத் பாஷா. 1565 முதல் 1579இல் கொல்லப்படும்வரை மூன்று சுல்தான்களிடம் தலைமை அமைச்சராக இருந்தவர். கடற்படை பியாலேயின் கையில் இருந்தது. பிறந்தகம் இல்லாத பெண் மகள்கள் வழியாகத் தனக்கென ஒரு கூட்டத்தைக் கட்டிக்கொண்டார் என்பதை இந்தத் திருமணங்கள் காட்டுகின்றன.

இந்த அதிகாரத்தை எப்படி மதிப்பிடுவது என்பதிலும் இரண்டு பார்வைகள் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஹ்மத் ரஃபிக், 'பெண்களின் சுல்தானியம்' என்ற சொல்லால் இந்தக் காலத்தைக் குறித்தார். அந்தப் பார்வையில் பெண்களின் தலையீடு பேரரசின் சரிவுக்கு அறிகுறி. 1993இல் வெளிவந்த லெஸ்லி பியர்ஸின் நூல் இதை மறுத்தது. இளவரசர்கள் மாகாணங்களுக்குப் போவது குறைந்து அரச குடும்பம் முழுவதும் தலைநகரில் குவிந்தபோது, குடும்பத்தின் மூத்தவரான தாய்க்கு அதிகாரம் சேர்வது அந்த அமைப்பின் இயல்பு என்றார். ஆய்வுலகில் இன்று மேலோங்கியிருப்பது பியர்ஸின் பார்வை. எனினும் வழக்கமான அதிகாரம் என்று சொல்லிவிடுவதால் ஐந்து தம்பிகளின் மரணம் போன்றவற்றில் அதன் பங்கு என்ன என்ற கேள்வி கரைந்துவிடாது.

'வாலிதே சுல்தான்' என்ற பதவியின் தொடக்கமும் இதோடு சேர்ந்தது. சுலைமானின் தாய் ஹஃப்ஸா 1534இல் இறந்தார். ஹுர்ரெம் மகன் அரியணை ஏறுவதைக் காணாமலே 1558இல் இறந்தார். 40 ஆண்டுகள் ராஜமாதா இல்லாதிருந்த அரண்மனையில் அந்த இடத்துக்கு வந்தவர் நூர்பானு. முதன்முதலில் பட்டம் பெற்றவர் ஹஃப்ஸாவா நூர்பானுவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நிலையான தினப்படியும் பரிவாரமும் முன்னுரிமை வரிசையும் கொண்ட ஒரு பதவியாக அது உறுதிப்பட்டது நூர்பானுவின் காலத்தில்தான் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர்.

அவருடைய கட்டடங்களும் இந்தப் பக்கமே சாட்சி சொல்கின்றன. உஸ்குதாரின் மேட்டில் கட்டடக் கலைஞர் சினான் அவருக்காக எழுப்பிய அத்தீக் வாலிதே வளாகத்தில் மசூதி, மதரசா, மருத்துவமனை, ஏழைகளுக்கான உணவுச்சாலை, வணிகர் சத்திரம், சூஃபிகளின் தங்குமிடம் ஆகியவை இருந்தன. 1584இல் முடிந்த செம்பர்லிதாஷ் குளியல்கூடமும் அவர் அறக்கட்டளைக்கு வருமானம் தரக் கட்டியதே. இந்த வக்ஃபு அறக்கட்டளைகளில் ஒலிக்கும் குரல் செலிமின் மனைவியின் குரல், முராதின் தாயின் குரல். பாரோஸோ கோர்ஃபுவோ அங்கே கேட்பதில்லை.

மதிப்பீடு

சான்றுகளை எடை போட்டால் யூத விடையை ஒதுக்கி வைக்கலாம். வெனியர்–பாஃபோ விடை நீண்ட மரபும் சமகால நம்பிக்கையும் உடையது. ஆனால் ஆளை உறுதிப்படுத்தும் இடத்தில் தளர்கிறது. கோர்ஃபு விடை நடந்திருக்கக் கூடியது. ஆனால் அதுவும் உறவு கொண்டாடியவர்களின் சொல்லைச் சார்ந்திருக்கிறது. 1537 போரில் வெனிஸ் ஆதிக்கத்துக்குட்பட்ட கடற்பகுதியிலிருந்து பிடிபட்ட சிறுமி என்பது வரை சொல்வது பாதுகாப்பு. அதற்கு மேல் குலமும் பெயரும் சொல்பவர் சான்று தாங்குவதைவிடக் கூடுதலாகச் சொல்கிறார். துருக்கியத் தொலைக்காட்சித் தொடர்கள் செசிலியாவை உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பது அந்த விடையின் புகழைக் கூட்டியிருக்கிறதே தவிர, அதன் வலுவைக் கூட்டவில்லை.

திறந்தே இருக்கும் கேள்விகள் இரண்டு. வெனிஸ் காப்பகத்தின் குடும்ப வழக்குகளில் இருந்து, உறவு கோராத ஒருவரின் தற்செயலான குறிப்பு கிடைத்தால் கோர்ஃபு–பாரோஸ் வழக்கு தீரக்கூடும். நூர்பானு தன் பிறந்த ஊரைப் பற்றி என்ன நினைத்தார், வெனிஸோடு பேசும்போது அந்த நம்பிக்கையைத் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டாரா என்ற இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. தூதர்கள் நம்ப விரும்பியதை மறுக்காமல் விடுவதும் ஒரு ராஜதந்திரம்தான்.

1583 டிசம்பரில் முராத் தாயின் சவப்பெட்டியைப் பின்தொடர்ந்து நடந்தார். ஹாகியா சோஃபியா வளாகத்தில் செலிமின் கல்லறை மாடத்திலேயே, கணவருக்குப் பக்கத்தில், நூர்பானு அடக்கம் செய்யப்பட்டார். சுல்தானின் பக்கத்தில் துணைவியை வைப்பது அதுவரை வழக்கத்தில் இல்லை. அவருக்குப் பிறந்தகம் இல்லாமல் செய்த அதே அரசகுலம், புகுந்தகத்தில் அதுவரை எந்தத் துணைவிக்கும் கொடுக்காத இடத்தை அவருக்குக் கொடுத்தது. அவருடைய பின்னணி குறித்து ஐயமின்றிக் கையில் இருக்கும் சான்று அந்தக் கல்லறைதான்.